கஜானிக்கு நான் வேலை எடுத்துக் கொடுத்த விதம்

தேற்றாத்தீவு,
நவம்பர் 16.

பேரன்புக்குரிய அக்கா அன்னப்பூரணிக்கு,

தம்பி உதயரூபன் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் மனைவி, உங்கள் மச்சாள் இலட்சுமிப்பிள்ளை சுகம். நானும் சுகம், என் சீனி வருத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்கிறது. ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், அத்தானின் முழங்கால் எப்படி என்று இவள் கேட்கச் சொன்னாள். நிற்க.

விடயம்: சென்ற மாதம் தாங்கள் தொலைபேசியில் வழங்கிய பணிப்புரை தொடர்பானது.

இங்குள்ள உங்கள் வீட்டின் பின்பாதியில் குடியிருக்கும் கஜானியின் கதை உங்களுக்குத் தெரியும். புருசன் கட்டாருக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனமாகிவிட்டான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் விதுர்ஷாவை வைத்துக்கொண்டு அவள் கல்குடாவில் ஒரு விடுதியில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தாள், வெள்ளைக்காரர் வரும் காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வீட்டிலேயே தையல். திருவிழா வந்தால் தைப்பாள், வராவிட்டால் மெசினுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாள். கடைசியில் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தாள். ஒக்டோபர் முடிவதற்குள் பாஸ்போட்டைக் கொண்டுவரும்படி ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அப்போதுதான் நீங்கள், "தம்பி, நீ கந்தோர்ல இருந்தவன்தானே, அந்தப் புள்ளைக்கு இங்கயே நிரந்தரமா ஒரு வேல எடுத்துக் குடுடா" என்றீர்கள். "ஒரு கடிதம் போதும் அக்கா" என்றேன் நான். அந்தத் திமிரின் விளைவுதான் கீழே வருவது.

ஒன்று போதும் என்றவன் நாலு எழுதினேன். ஏறாவூரில் பாடசாலைச் சீருடை தைத்து விற்கும் ஹலீம் ஹாஜியாரின் கடைக்கு ஒன்று, மட்டக்களப்பு ரவுனில் ஒரு மருத்துவ நிலையத்துக்கு ஒன்று, ஒரு தயிர்க் கம்பனிக்கு ஒன்று, சாரதிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றுக்கும் ஒன்று. கடைசியது ஏனென்று கேட்காதீர்கள், அவளுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது. நாலிலும் ஒரே வசனம்: 'தங்கள் நிறுவனத்தில் மாத்திரமே பணியாற்ற வேண்டும் என்பது இவரது சிறுவயது முதலான இலட்சியமாகும்.' வாசிக்க எனக்கே கண் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கடிதம் எழுதிய பழக்கம் அக்கா, கீழே 'பிரதிகள்' என்று போடாத கடிதத்தை நாங்கள் கடிதமாகவே மதித்ததில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மற்ற மூன்று நிறுவனங்களின் பெயரையும் முகவரியையும் எழுதி, 'தகவலுக்காக' என்று போட்டு, அந்த மூவருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினேன். தவறிவிடக்கூடாது என்று எல்லாம் பதிவுத் தபாலில்.

மூன்றாம் நாள் ஹாஜியார் போன் எடுத்தார். "சேர், ஒங்கட கடிதம் நாலும் கிடைச்சிச்சி. இந்தப் புள்ளைக்குச் சின்ன வயசிலரிந்து எங்கட கடையும் ஆச, தயிரும் ஆச, மருந்து குடுக்கவும் ஆச, வாகனம் ஓட்டவும் ஆச. ஒரு முடிவெடுத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். தயிர்க்காரரும் சாரதிக்காரரும் பதிலே போடவில்லை. மருத்துவ நிலையம் மட்டும், பாவம், நேர்முகத்துக்கு அழைத்தது. துணைக்கு நானும் போனேன். பெயர் கேட்டார்கள், நான் சொன்னேன். படிப்புக் கேட்டார்கள், நான் சொன்னேன். முன் அனுபவம் என்றார்கள், "முப்பத்திரண்டு வருடம்" என்றேன். அந்த முகாமையாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஐயா, வேல ஒங்களுக்கா, இவவுக்கா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கஜானி வாவியைப் பார்த்தபடி, "பரவாயில்ல மாமா, குவைத் ரெண்டு வருசம்தானே" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள் அக்கா, அவள் எனக்கு. என் எழுத்தின் பெருமைக்காக ஒரு பிள்ளையின் தாயைப் பிளேன் ஏற்றப்போகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன், ஐந்தாவது கடிதத்தோடு. கூட வந்த கஜானி கடை வாசலில் அதை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "மாமா, நீங்க அங்கால தேத்தண்ணி குடிச்சிட்டு இரிங்க. நான் கதைச்சிட்டு வாறன்." மூன்று தேத்தண்ணி குடித்தேன், மூன்றும் சீனி போட்டு. உள்ளே நடந்ததைப் பிறகு ஹாஜியாரின் மனைவி றமீஸா சொன்னார். தையல் பகுதி அவர் பொறுப்பு. கஜானி போன உடனேயே, "மாமா எழுதின இலட்சியம் ஒண்டும் எனக்கில்ல. நல்லாத் தைப்பன். மாசாமாசம் சம்பளம் வேணும், அஞ்சரைக்குப் புள்ளையோட வீட்ட நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, மெசினில் இருந்து ஒரு சட்டைக் கொலர் தைத்துக் காட்டினாளாம். "நாலு கடிதமும் வாசிச்சம் சேர், ஒண்டிலயும் இந்தப் புள்ளயக் காணல்ல" என்றார் றமீஸா.

மூன்று மாதம் பயிற்சி, பிறகு நிரந்தரம், வயதான காலத்துக்குச் சேமலாப நிதியும் உண்டு. பாஸ்போட் இப்போது மச்சாளின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. முதல் நாள் தாய் பஸ் ஏறியபோது விதுர்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எத்தின நாளைக்குப் போறா?" என்று கேட்டாள். பின்னேரம் வந்துவிடுவாள் என்றேன். நம்பாமல் ரோட்டிலேயே நின்றாள், அஞ்சரைக்குத் தாயைக் கண்ட பிறகுதான் என்னோடு சரியாகக் கதைத்தாள்.

ஆகவே இத்தால் அறியத்தருவது யாதெனில், இனி எவருக்காகவும் எந்த நிறுவனத்துக்கும் நான் கடிதம் எழுதப்போவதில்லை. இது இறுதி முடிவு. பேனையை மச்சாளிடம் ஒப்படைத்துவிட்டேன், இது அவளிடம் இரவல் வாங்கி எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் உங்களுக்கும் அத்தானின் முழங்காலுக்கும் துணையிருப்பார்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
உதயரூபன்.

பின்குறிப்பு: கையொப்பம் வைத்த பிறகு ஹாஜியார் போன் எடுத்தார். சீருடை சம்பந்தமாகப் பாடசாலைகளுக்குக் கடிதம் எழுதக் கிழமையில் இரண்டு நாளைக்கு ஓர் ஆள் தேவையாம், கஜானி என் பெயரைச் சொன்னாளாம். நாளையிலிருந்து நானும் அவளோடு அதே பஸ்ஸில் போகிறேன். ஹாஜியார் அவளிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டதற்கு அவள் பில் புத்தகத்தின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்ததைப் போனிலேயே எனக்கு வாசித்துக் காட்டினார்: 'மாமா நல்ல மனிசன். எழுத விடலாம். அனுப்ப விடக்கூடாது.' ஆகவே அக்கா, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அனுப்பியது கஜானி.