ஐந்தாம் பாகத்துக்காக இறந்த பெரியப்பா

என் பெரியப்பாவை நான்தான் சாகடித்தேன். அவருக்கு முன்னால் ஒரு சித்தப்பாவையும் ஓர் அத்தையையும். மூன்று பேரும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறார்கள் (அத்தைக்கு மட்டும் மூட்டுவலி). எல்லாம் ஒரு வீடியோ கேமுக்காக.

காட்டுக்குள் புதையல் தேடிப் போகிறவனின் கதை அது. முதல் பாகத்தை டிப்ளமோ முடித்த வருடம் நண்பன் அறையில் விளையாடினேன். கதாநாயகன் பாறையைப் பிடிப்பான், பாறை பெயரும், ஒற்றைக் கையில் தொங்குவான். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்குத் தகடு அழுத்தும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சாவுக்கு மட்டும்தான் கேள்வி கேட்காமல் லீவு கொடுப்பார்கள். மூன்றாம் பாகம் வந்தபோது சித்தப்பா, நான்காம் பாகத்துக்கு அத்தை. இருவரும் கடம்பத்தூரில் இருந்ததால் யாரும் விசாரிக்கவில்லை.

ஐந்தாம் பாகம் வர ஆறு வருடம் ஆனது. அதற்குள் சூப்பர்வைசர் செல்வராஜ் சார் உஷாராகிவிட்டார்.

"தூரத்து சொந்தத்துக்கெல்லாம் இனிமே லீவு கெடையாது. கூட இருக்கறவங்கன்னா பாக்கலாம்."

கூட இருந்தவர் பெரியப்பா. நான் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா போய்விட்டதால் (இது நிஜம்) கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆரணியில் அவர் வீட்டில்தான் வளர்ந்தேன், இன்றும் இருக்கிறேன். சோறு போட்டு, பாலிடெக்னிக் அனுப்பிய மனுஷன். கேம் வந்த அன்று காலையில் அவர் கீழே பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மொட்டைமாடியில் நின்று போன் செய்து, தழுதழுத்த குரலில் அவரைக் கொன்றேன். மூன்று நாள் லீவு கிடைத்தது.

அறைக் கதவைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே தூறல். அரை மணி நேரத்தில் ஒரு பாறை பெயர்ந்தது, ஒற்றைக் கையில் தொங்கினான். கல் சக்கரத்தைச் சுற்றினால் ஒரு கதவு திறந்தது. உள்ளே இன்னொரு கல் சக்கரம். கூடவே வரும் நண்பன்தான் துரோகி என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்தே இருந்தேன். கம்பெனியில் தகட்டை வைத்து, பட்டனை அழுத்தி, தகட்டை எடுப்பதைப் போலவே இருந்தது. ஆறு வருடம் காத்திருந்தது இதற்கா என்று நினைக்கப் பயந்து, நிறுத்தாமல் விளையாடிக்கொண்டிருந்தேன்.

அதனால் வாசலில் நடந்தது எனக்குக் கேட்கவில்லை. பெரியம்மா சொல்லித்தான் தெரியும். கம்பெனி வேன் வந்து நின்றிருக்கிறது. செல்வராஜ் சார், என் பக்கத்து மெஷின் தேசிங்கு, இன்னும் நாலு பேர். தேசிங்கின் கையில் ஆளுயர ரோஜா மாலை. வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவன் தணிந்த குரலில் கேட்டிருக்கிறான்.

"ஐயா, குமாரு ஊடு இதானே? இன்னா, கூட்டமே காணோம்? பாடிய எடுத்துட்டாங்களா?"

"எந்த பாடிபா?"

"அவங்க பெரியப்பா. கோவிந்தசாமின்னு..."

"நாந்தான்பா அது."

என் ஹெட்செட்டை யாரோ உருவினார்கள். திரும்பினால் பெரியப்பா. கையில் மாலை. பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஆறு பேர்.

"நான் எப்படா செத்தேன்?"

டிவியில் கதாநாயகன் மறுபடியும் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

செல்வராஜ் சார் திரையைப் பார்த்தார். "இது அஞ்சாவதா? என் பையனும் இதத்தான் வெச்சிக்கினு கீறான். மூணாவது வந்தப்போ உன் சித்தப்பா. நாலாவதுக்கு..." அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இன்னா மச்சான், பாகத்துக்கு ஒரு ஆளப் போட்டுக்கினே கீற?" என்றான் தேசிங்கு. "கேமும் ஒரே கதை, உன்னுதும் ஒரே கதை."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து திரையைக் காட்டினார்.

"நல்லாவாச்சும் கீதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து வாயில் உண்மை வந்தது. "இல்ல பெரியப்பா. பழசு மாதிரியேதான் கீது."

"அப்போ நான் வீணா செத்தேனா?"

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டார். குடித்துவிட்டு, சாவு வீட்டில் செய்வது போலவே, ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள்.

பெரியப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "வீணா செத்தவரு வந்துட்டாரு" என்று நாற்காலி போடுகிறார்கள். ஆறாம் பாகம் வரப்போகிறது என்று தெரிந்த அன்று கடம்பத்தூர் அத்தை போன் செய்தார். "இந்த வாட்டி யாருடா?" (நான் வாங்கவில்லை.)

கம்பெனியில் அப்படி யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்: சாவுக்கு லீவு கேட்பவர்கள் இனி போட்டோ அனுப்ப வேண்டும். யாரால் என்று அதில் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை.

போன மழைக்காலத்தில் தேசிங்கின் அம்மா இறந்துவிட்டார். ஐஸ் பெட்டியில் கிடந்த அம்மாவை அவனே போனில் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் லீவு வந்தது. நான் போனபோது வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தான். நாலு வார்த்தை திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று எதிரில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

"உன் பெரியப்பா நல்லா கீறாரா?" என்றான்.

"கீறாரு" என்று சொல்வதற்குள், அந்தக் கொட்டும் மழையிலும் எனக்கு வியர்த்துவிட்டது.