முகத்துக்கு இரண்டு கோட்டிங்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் சுகம் என்று எழுதினால் "எந்த டாக்டர் சொன்னாரு?" என்று நீ கேட்பாய். அதனால் உன் அம்மா சுகம், அவளுடைய தையல் மிஷின் சுகம், மாடிக் குழாய் மட்டும் ஒழுகுகிறது என்று எழுதி முறையை முடித்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன மாதம் பஸ் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? "அந்தக் காதை ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டாம எனக்குப் போன் பண்ணாதீங்கப்பா. பண்ணினாலும் எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். பஸ் கிளம்பியபோது கையாட்டினேன். நீ பார்க்கவில்லை. பரவாயில்லை, பின்னால் வந்த ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு நிறுத்தினார். போன் பண்ணக் கூடாது என்றுதானே சொன்னாய், கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் இப்படி ஓட்டை வைத்துச் சட்டம் போடலாமா?

முதலில் காது விஷயத்தை முடித்துவிடுகிறேன். வலது காதின் மேல் மடலில் மிளகளவு ஒரு சொரசொரப்பு. பொருக்குத் தட்டுகிறது, உதிர்கிறது, மறுபடியும் தட்டுகிறது. ஐந்து மாதமாக இதே கதை. முப்பத்திரண்டு வருஷம் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன் காதில் ஒரு பொருக்குகூட இருக்கக் கூடாதா? பழைய பெயிண்டைச் சுரண்டுகிற தகடு எப்போதாவது பட்டிருக்கும். டாக்டரிடம் நான் போகப்போவதில்லை. இப்போது பிடித்திருக்கிற நாலு மாடிக் கட்டடம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நீ அனுப்பிய பெட்டியை அப்பா மதிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பிரித்துப் பார்த்தேன். முகம் கழுவ ஒரு பாட்டில், கழுவிய பிறகு தடவ ஒன்று, வெயிலுக்குப் போகும் முன் பூச ஒரு டியூப், அகலமான ஒரு தொப்பி, உன் கையெழுத்தில் நீளமாக ஒரு சீட்டு. பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுவுவது, பிரைமர் அடிப்பது, மேலே ஃபைனல் கோட்டிங் கொடுப்பது. இது என் தொழில் அல்லவா? இந்தப் பெண் எனக்கே பெயிண்ட் அடிக்கச் சொல்லித்தருகிறாளே என்று சீட்டைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

எந்தச் சுவராக இருந்தாலும் பழையதைத் தேய்த்து எடுக்காமல் புதுப்பூச்சு பிடிக்காது. இது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அதனால் இருப்பதிலேயே நைஸான உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இடது கன்னத்திலிருந்து வேலையைத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்து வலது பக்கம் போகும்போது உன் அம்மா வந்துவிட்டாள். "என்னங்க இது? மூஞ்சியா, நிலைக்கதவா?" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் இடது கன்னம் பழுத்த தக்காளி ஆகியிருந்தது. சரி, மேலே கோட்டிங் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வெயிலுக்குப் பூசுகிற டியூப்பைப் பிதுக்கினேன். கெட்டியாக இருந்தது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலக்க வேண்டியதுதானே? சின்ன டப்பாவில் கலந்து, புது பிரஷ் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு கோட்டிங், காய்ந்ததும் குறுக்காக ஒரு கோட்டிங். தேய்த்த கன்னத்தில் பட்டதும் எரிந்தது பார், வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் நான் உடற்பயிற்சி தொடங்கிவிட்டதாக நினைத்து மறுநாளிலிருந்து அவரும் ஓடுகிறார்.

பிறகுதான் உன் அம்மா என் பையிலிருந்து சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். முதல் வரியே "அப்பா, உப்புத்தாள் கூடவே கூடாது." இரண்டாவது வரி, "தண்ணீர் கலக்காதீர்கள்." மூன்றாவது, "பிரஷ் வேண்டாம், விரல் போதும்." நாலாவது, "முகத்தில் பெயிண்ட் பட்டால் தின்னர் துணியால் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவிக் கழுவுங்கள்." நான் தின்னரால்தான் துடைப்பேன் என்று எப்போது பார்த்தாய்? சின்ன வயதில் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அப்போது தலையை நிமிர்த்தாமலே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் என்னென்ன தப்புச் செய்வேன் என்று வரிசையாக எழுதிவைத்திருந்த அந்தச் சீட்டை வாங்கி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். எரிச்சல் இன்னும் போகவில்லை போல என்று நினைத்து உன் அம்மா மோர் கரைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து சீட்டில் உள்ளபடிதான் எல்லாம். அது இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது, புறங்கை என்று ஒன்று விடாமல் பூசிக்கொள்கிறேன். இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும் பூச வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதற்குப் போனில் மணி வைத்திருக்கிறேன். மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்தின்மேல் நிற்கும்போது அது அடித்தால், சாப்பாட்டு நேரம் என்று நினைத்து எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். மேஸ்திரி கீழேயிருந்து "யாருய்யா அது, ஸ்கூல் நடத்துறீங்களா இங்க?" என்று கத்துகிறார். டியூப்பைச் சாரத்தில் வைத்தால் உருண்டு விழுகிறது என்று கிரீமை ஒரு காலி டப்பாவில் மாற்றிவைத்தேன். எங்களோடு ஒரு நெட்டை ஆள் வேலை பார்க்கிறானே, ஏணி இல்லாமலே உத்தரம் வரைக்கும் எட்டுவான், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோமே, அவன் அதைச் சுவரில் ஓட்டை அடைக்கிற பட்டி என்று நினைத்து வீட்டுக்கார அம்மாவின் ஜன்னல் கட்டையில் இருந்த ஆணி ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டான். பாதி டப்பா காலி. அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசனையா இருக்கே, எல்லா ஜன்னலுக்கும் இதையே போட்டுடுங்க" என்றார்கள். மற்ற ஜன்னல்களுக்கு நான் நிஜப் பட்டியையே போட்டேன். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் இனி வெயிலால் ஆபத்தில்லை.

தொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் விளிம்பு இவ்வளவு அகலம் என்று சுவருக்குத் தெரியாது. நான் கிட்டே போய் மூலையில் அடிக்கும்போதெல்லாம் ஈரப் பெயிண்டில் முட்டி, பிறை பிறையாக ஒரு வரிசை விழுந்துவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மறுபடியும் அடித்துச் சரிசெய்தேன். இப்போது முன்பக்கத்து விளிம்பை உன் அம்மா ஊக்குப் போட்டு மேலே தூக்கிவைத்திருக்கிறாள். பக்கவாட்டில் காதுக்கு நிழல் விழுகிறது, அது போதும் என்கிறாள்.

இதெல்லாம் வீண்வேலை என்று உனக்கு நிரூபிக்கத்தான் ஒரு சோதனை செய்தேன். கலர் பிடிக்குமா என்று பார்க்கச் சுவரில் ஒரு சதுரம் அடித்துக் காட்டுவோம் இல்லையா, அதேபோல் சட்டைக்குள் இருக்கிற வெயில் படாத மேல்கையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் கிரீம் பூசி, சட்டையைச் சுருட்டிவிட்டு ஒரு வாரம் வேலை பார்த்தேன். நேற்று டேப்பை உரித்தேன். டேப்புக்கு வெளியே சுற்றிலும் கருத்து, தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. நடுவில் அந்தச் சதுரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இது தற்செயல்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் சாரத்தில் இருந்த ஆறு பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். "அண்ணே, பூசினா வெள்ளையாயிடுவோமா?" என்று ஒட்டடைக்குச்சி கேட்டான். "நிறம் மாறாதுடா, இருக்கிற தோல் கெடாம இருக்கும்" என்று உன் சீட்டில் எழுதியிருந்ததை என் சொந்தச் சரக்கு போலச் சொன்னேன். மேஸ்திரி எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனவர், சாயங்காலம் வந்து, நாளையிலிருந்து காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று வேலையை மாற்றிவிட்டார். எப்போதும் நிழலிலேயே நிற்கலாம். கொளுத்துகிற வெயிலில் அடித்தால் பெயிண்ட் வெடித்துவிடும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வெயிலில் நிற்கிறவனுக்கும் தோல் என்று ஒன்று இருப்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும், ஈரம் காய்வதற்குள் அந்த இரண்டாவது பாட்டிலைத் தடவ வேண்டும். அதை உன் அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள். "நீங்க தடவினா சுவத்துக்கு அடிக்கிற மாதிரி அடிப்பீங்க" என்று என்னை முக்காலியில் உட்காரவைத்து, ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரலால் நெற்றியிலிருந்து மெதுவாகத் தடவிவிடுகிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்கும் வெட்கமாக இருக்கிறது, எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். அவளும் பேசுவாள், அன்றைக்குத் தைத்த சட்டை, பட்டனுக்குக் காஜா எடுக்க மறந்தது, எதிர்வீட்டுக்காரர் ஓடி ஓடிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டது என்று. வலது காதுக்கு வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். நான் கவனிக்காதது போல் இருந்துவிடுகிறேன்.

ஆக, அப்பா சொல்வது இதுதான். தோல் நன்றாக இருக்கிறது, காது அதுவாகவே ஆறிவிடும், டாக்டரும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. நீ கவலைப்பட்டுக்கொண்டு லீவு போட்டு ஓடி வராதே. இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறாய், முதலாளியிடம் நல்ல பேர் எடு. கோபத்தை விட்டுவிட்டு ஒரு போன் மட்டும் பண்ணு. சாப்பிடும்போது உன் தட்டு இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வேறொன்றுமில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், நிழலிலேயே நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அப்பா.

பின்குறிப்பு: மேலே இருப்பதை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். இன்று திங்கள், சாயங்காலம். மடித்து உறைக்குள் போடும் முன் உன் அம்மா கேட்டாள் என்று படிக்கக் கொடுத்தேன். உப்புத்தாள் வரும் இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தன் அளவு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவைத்தாள். ரவிக்கை அளவு, சட்டை அளவு என்று இருக்கும் பக்கங்களுக்கு நடுவில் ஒரு பக்கத்தில் மேலே "காது" என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே பத்துத் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு எண். நான் ஞாயிறு மதியம் தூங்கும்போதெல்லாம் டேப்பை வைத்து அளந்திருக்கிறாள். நாலு மில்லிமீட்டரில் ஆரம்பித்த எண் ஏழுக்கு வந்திருந்தது. "எனக்கு மட்டும் பயமில்லையாங்க? வாயால சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் எழுதி வச்சேன்" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஸ்கின் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள், என்ன வேலை என்று கேட்டாள். "வெயில் பட்டுப் பட்டு வர்றதுதான் இது. கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம். சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க, அதுவே பெரிய விஷயம்" என்றாள். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மருந்து போட்டு மரத்துப்போக வைத்துத்தான் எடுப்பார்களாம், கால் மணி நேர வேலையாம். உனக்குத் தெரியாததா.

அம்மா போனில் சொல்லிவிடுகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். போகமாட்டேன் என்றது நான், போய்விட்டு வந்தேன் என்று சொல்வதும் நானாக இருக்க வேண்டும். போனில் என்றால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுகிறேன் என்றதற்கு, "அப்படியே அனுப்புங்க, கொஞ்சம் சிரிச்சுட்டு வரட்டும்" என்கிறாள். கூரியரில் நாளை மதியத்துக்குள் உன் கைக்கு வந்துவிடுமாம்.

லீவு போடாதே என்று எழுதியிருந்தேன் அல்லவா, போட்டுவிடு. உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள், வந்ததும் மிஷினில் உட்கார்ந்தவள் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்திருக்கிறாள். புதன்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடு கண்ணு, மூன்று பேரில் ஒருத்தராவது தைரியமாக இருக்க வேண்டும்.