ஆறரைப் புள்ளி

காரைக்குடி வட்டாரத்தில் திருட்டுக்காக அதிகம் அடி வாங்கியவர் யார் என்று கேட்டால், ஆயுளில் ஒரு குண்டூசிகூடத் திருடாத சைரன் பாயைத்தான் கைகாட்டுவேன். அவரே இதை மறுத்ததில்லை. விலாவைத் தடவிக்கொண்டு, "மானகிரிக்காரவுக அடிதாண்ணே நல்ல அடி" என்று சான்றிதழ் வேறு கொடுப்பார்.

வீடுகளில் திருட்டு அலாரம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது ஒரு டூல்ஸ் பையும் ஒரு கொள்கையும். சென்சாரைச் சோதிக்கிறவன் திருடனாகவே மாறிவிட வேண்டும் என்பது கொள்கை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்சுவர் ஏறுவார், இடுக்கில் நுழைவார், தவழ்வார். சென்சாரின் சிவப்பு விளக்கு மினுங்கியதும் தெருமுனை வரை கேட்கும்படி "ஆளு இருக்கு!" என்று கத்துவார். மானகிரியில் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்படிக் கத்தினார். தெருவே திரண்டு வந்து, ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு மொத்தியது.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது சிரிக்கிற நிலைமையில் அல்ல. பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பெரிய வீடு. குடும்பத்துக்கு ஓர் அறை. ஊரில் தங்கியிருக்கும் பங்காளி நான் ஒருவன்தான். பெரியப்பா மகன், என் அண்ணன், மலேசியாவில் உட்கார்ந்தபடியே மதுரை ஆட்களை வைத்து அலாரம் மாட்டச் செய்திருந்தார். ஒரு மாதமாகத் தினமும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் சைரன் அலறும். அண்ணனின் போனுக்கு 'ஏழாம் அறையில் ஆள்' என்று செய்தி போகும். ஏழாம் அறை என்னுடையது. என் மனைவி மீனாட்சி இறந்துபோன பிறகு அதைப் பூட்டிவிட்டு முன்கட்டில் படுத்துக்கொள்கிறேன். மூன்று வருடமாகத் திறக்கவில்லை. சாவி என் இடுப்பில்.

"கருப்பையா கள்ளச்சாவி போட்டிருக்கான் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிச்சிரு" என்றார் அண்ணன்.

கருப்பையா இருபது வருடக் காவல்காரர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எங்கள் பின்கட்டை விட்டால் போக்கிடமும் கிடையாது. அவரை நான் சந்தேகப்படவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் பால் வாங்கப் போன நேரத்தில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வேட்டி, ஒரு மருந்துச் சீட்டு, மீனாட்சி எப்போதோ கொடுத்த போர்வை. அவ்வளவுதான் இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை பாய் வந்தபோது கருப்பையா அந்தப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, முற்றத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவுகதான் திருடரா? நமக்குத் தொழில் போட்டியால்ல வந்திருக்காக" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை.

ஆறு அறைகளிலும் தவழ்ந்தார். ஆறு முறை "ஆளு இருக்கு!" கேட்டது. ஏழாம் அறை வாசலில் மட்டும் நிலைக்கு மேலே டார்ச் அடித்து வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"அண்ணே, இந்த சென்சாரு கெட்டுப்போகலை."

"பின்னே?"

"இங்குட்டு சென்சாரே இல்லை."

இரண்டு வயர் நுனிகள் முறுக்கி விடப்பட்டிருந்தன. சுற்றியிருந்த டேப் காய்ந்து கழன்றிருந்தது. "மத்தியானக் காத்துல இது பிரியுது. பிரிஞ்சா, ஆளு வந்துட்டான்னு மெசினு நெனைச்சுக்கிருது. நீங்க காத்தைத்தாண்ணே வேலையை விட்டு நிறுத்தணும்."

மதுரை ஆட்களுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "சென்சார் மாட்ட எத்தனை பாயிண்ட்னு கேட்டோங்க. மலேசியாப் பெரியவர் ஆறரைப் புள்ளின்னாரு. அரைப் புள்ளிக்கு என்ன மாட்டுறதுன்னு தெரியலை. வயரை மட்டும் இழுத்து முறுக்கி விட்டுட்டோம்."

பாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அது என்னண்ணே அரைப் புள்ளி?"

சொன்னேன். எங்கள் சனத்தில் குடும்பங்களைப் புள்ளி என்றுதான் எண்ணுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. பாயிண்ட் என்றதும் அண்ணன் அந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். "அந்த அரை நான்தான் பாய்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அண்ணனைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். அவர் அசையவில்லை. "வயரு கதையெல்லாம் இருக்கட்டும். உள்ளே சாமான் இருக்கான்னு பாத்தியா?"

திறக்க எனக்குக் கை வரவில்லை. பாய் முற்றத்தில் கயிறு கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சாவியை எடுத்தேன்.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கட்டிலில் அவள் மடித்து வைத்த சேலை. தரையில் மூன்று வருடத் தூசு, அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தது. இருபது வருட மனிதனுக்கு அண்ணன் தந்தது அந்த ஒரு வார்த்தைதான். நான் அதுகூடச் சொல்லவில்லை. உட்கார்ந்து, கருப்பையாவின் பெட்டிக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

பாய் பையிலிருந்து ஒரு சென்சாரை எடுத்தார். "நம்மகிட்ட அரை சென்சாரெல்லாம் கெடையாதுண்ணே." வயரை அறைக்குள் இழுத்து மாட்டி முடித்தவர், துண்டைப் போர்த்தவில்லை. "இதை நீங்க நடந்து பாருங்க. உங்க அறை."

தூசில் நாலு எட்டு வைத்தேன். சிவப்பு விளக்கு மினுங்கியது.

"ஆளு இருக்கு!"

தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாய் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஒக்கூரில் ஒரு வீட்டில் ஏணி மேல் நிற்கும்போதே நெஞ்சு வலி. வழக்கமான நடிப்பு என்று அங்கிருந்தவர்கள் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

இப்போது அந்த அறையில்தான் படுக்கிறேன். காலையில் எழுந்து நாலு எட்டு வைத்ததும் விளக்கு மினுங்கும். முற்றத்திலிருந்து கருப்பையா "ஆளு இருக்கு!" என்று குரல் கொடுப்பார். பாவம், அவரும் தொண்டை கிழியத்தான் கத்துகிறார். பாய் அளவுக்கு வரவில்லை.