கம்ப்யூட்டருக்கு நான் வைத்த சீல்

‘இயந்திரம் இயங்க மறுத்தால், கடைசியாக அதில் எதைச் சேர்த்தீர்களோ அதை முதலில் அகற்றிப் பார்க்கவும்.’ கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில், பழுது பற்றிய பகுதியின் முதல் விதி இது. எங்கள் வீட்டில் அந்தக் கையேட்டை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். இந்த விதிக்குக் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தேன். (கோடு போடுவது வேறு, கடைப்பிடிப்பது வேறு. அரசு உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

துணை தாசில்தாராக ஓய்வு பெற்ற புதிது. என் மகள் செல்வி உத்தமபாளையத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தரும் டிடிபி சென்டர் தொடங்கியிருந்தாள். ஒரு வருஷம் நடத்திக் காட்டுகிறேன், ஓடாவிட்டால் நீங்கள் சொல்லும் வேலைக்குப் போகிறேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நான் யாரும் நியமிக்காமலே கடைக்கு மேலாளர் ஆனேன்.

முதல் பெரிய ஆர்டர் அவளுடைய தாய்மாமனிடமிருந்து வந்தது. சின்னமனூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராசு மச்சான், தன் மகள் கல்யாணப் பத்திரிகையைச் செல்விதான் அடித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று இரு வீட்டாரும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து சண்டை போட்டு, ஒருவழியாகச் சமாதானமாகி, அந்தச் சமாதானம் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வருசநாட்டுப் பக்கம் குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும். அதற்குப் புதன்கிழமைக்குள் தேனி அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் தூக்கி வைக்கலாம் என்றால் பின்னால் தொங்கும் ஒயர்களைப் பார்த்துப் பயம். வெளியே சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆனால் வேலை நடப்பது உள்ளே அல்லவா? கோப்புகளைப் பதிந்துவைக்கும் சதுரத் தகடான பிளாப்பியில் புதிதாக ஒன்றை எடுத்து, அதன் லேபிளில் பிள்ளையார் சுழி போட்டு, சந்தனம் தொட்டு, பூஜைத் தட்டில் வைத்து எடுத்து, பெட்டியின் முன்வாயில் பக்தியோடு செருகினேன். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் பிரசாதம் கொடுத்தனுப்புவதில்லையா, அந்த மாதிரி. செல்வி அப்போது வாசலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து நானே பட்டனைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ‘பீப்’ என்று ஒரு சத்தம். பிறகு கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. சிஸ்டம் டிஸ்க் இல்லை, வேறு டிஸ்க் போட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டவும் என்றது. தட்டினேன். அதே வரி. மறுபடி தட்டினேன். மனு கொடுப்பவரிடம் நான் காட்டிய அதே முகத்தை அது எனக்குக் காட்டியது.

உள்ளே இருக்கும் டிஸ்க் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதினேன்.

“முன்னாடி ஒரு தடவ பாத்துர்றேம்ப்பா” என்று செல்வி கையை நீட்டினாள்.

“தொடாத. வாரண்டியில இருக்கு. கம்பெனிக்காரக வந்துதான் தொடணும்.”

போன் பண்ணலாம் என்றாள். போனில் சொன்னதற்கு ஆதாரம் ஏது? மதுரைக் கம்பெனிக்கு நகல்களோடு புகார் எழுதி, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பினேன். அதுவரை யாரும் கைவைத்துவிடக் கூடாதே என்று வெள்ளைத்தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, பெட்டியின் இடுக்குகளிலெல்லாம் பசை போட்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டேன். ஒரு பட்டை, கனகச்சிதமாக, பிளாப்பி வாயின் குறுக்கே விழுந்தது.

செல்வி மறுபடி ஒரு முறை கேட்டாள். நான் மறுபடி மறுத்தேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் ராசு மச்சான் வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்ன ஆத்தா, சீலெல்லாம் வச்சிருக்காக. எதும் கொலக் கேசா?”

நான் விதிமுறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாப்ள, சாமிக்குச் சொன்ன நாள மாத்த முடியாது. நான் தேனியிலேயே வேற ஆளுகட்டக் குடுத்து அடிச்சுக்கிறேன். புள்ள தப்பா நினைக்கக் கூடாது” என்றார்.

செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். அவளுடைய ஒரு வருஷம் அந்த இடத்திலேயே முடிந்துகொண்டிருந்தது என்பது எனக்குக்கூடப் புரிந்தது. ஆனாலும் விதியை மீறும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அதனால் விதிப்படியே மீறினேன். சாட்சிகள் முன்னிலையில் சீல் உடைக்கப்படுகிறது என்று ஒரு மகஜர் எழுதி, மச்சானிடமும், சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவியிடமும் கையெழுத்து வாங்கினேன். (மச்சான் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என இரண்டு கையெழுத்துப் போட்டார்.)

முன்பட்டையைக் கிழித்தேன். செல்வி ஒரு சின்னப் பட்டனை அமுக்கினாள். பிளாப்பி வெளியே எட்டிப் பார்த்தது, பிள்ளையார் சுழியோடும் காய்ந்த சந்தனத்தோடும். அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு மறுபடி தட்டினாள். அதுவரை அந்த வெற்று பிளாப்பியிலேயே தன்னை இயக்கும் கட்டளைகளைத் தேடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், ஒன்றுமே நடக்காததுபோல் விழித்துக்கொண்டது. பத்திரிகை, சமாதானம் எல்லாம் அப்படியே இருந்தன.

“இத யாரு மாப்ள உள்ள வச்சது?” என்றார் மச்சான்.

நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“வச்சவகதான் சீலும் வச்சிருக்காக” என்றாள் என் மனைவி.

அன்று மதியமே பத்திரிகை தேனிக்குப் போனது. வெள்ளிக்கிழமை சாமி முன்னால் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் சிலர் மாப்பிள்ளையைவிட என்னை அதிகம் பார்த்தார்கள்.

பிறகொரு நாள் செல்வியிடம் கேட்டேன், உனக்கு முதலிலேயே தெரியுமா என்று.

“சந்தேகம் இருந்துச்சு.”

“நான் இல்லாதப்பக் கிழிச்சுப் பாத்திருக்கலாமே?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீகளேப்பா” என்றாள்.

பணிக்காலம் முழுதும் எத்தனையோ கதவுகளில் கையெழுத்திட்டு ஒட்டியிருக்கிறேன். அதைக் கிழிக்க யாரும் பயந்தார்கள் என்றால், அது சட்டத்துக்கான பயம். என் கையெழுத்தை எனக்காகவே கிழிக்காமல் விட்ட ஒரே ஆள் இவள்தான். அவளுடைய கடையை அதற்கு விலையாகக் கேட்டிருக்கிறேன் என்பது இன்றும் எப்போதாவது நினைவுக்கு வந்து உறுத்தும். கடை ஓடியது, அது வேறு.

இப்போதும் எங்கள் வீட்டில் மிக்சி நின்றாலும், தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், முதல் கேள்வி என்னிடம்தான் வரும்: “எதும் வச்சீகளா?”

மதுரைக் கம்பெனியின் பதில் வராமல் போகவில்லை. ‘பிளாப்பி ஏதும் செருகப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கவும்’ என்று ஒற்றை வரி, என் புகாரின் தேதியை மறக்காமல் குறிப்பிட்டு. ராசு மச்சான் அதை வாங்கி, கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனைக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். அது வந்து சேர்ந்தது, அந்தப் பத்திரிகை எந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கோ அந்தப் பெண்ணின் வளைகாப்பு அன்று.