மன்மதனுக்கு நான் செய்த வில்

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். மனைவி வீட்டார் முன்னால் வாயைத் திறந்தால் "எனக்குத் தெரியும்" என்று தானாக வந்து விழும். பேச்சு கரட் பயிரைப் பற்றியிருந்தாலும் தெரியும், மாட்டுப் பிரசவத்தைப் பற்றியிருந்தாலும் தெரியும். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. அந்த வேகத்தில்தான் நான் ஒரு வில் செய்தேன்.

நாங்கள் பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம். என் கைக்குப் பழக்கமான ஒரே மரம் துணி அளக்கும் கோல். சுவரில் ஆணி அடிப்பதென்றால்கூடப் பக்கத்துக் கடையிலிருந்து ஆளைக் கூப்பிடுவோம். மனைவி கோமதி பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளுடைய அப்பா ராமையா, அதாவது என் மாமனார், தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை, அதற்கேற்ற கோபம்.

அந்தத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தவத்தில் உட்கார்ந்திருக்கும் ஈஸ்வரன் மேல் மன்மதன் மலர் அம்பு விடுவான். ஈஸ்வரன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுவார். ரதி விழுந்து புரண்டு அழுவாள். மாமனார் இருபது வருஷமாக ஈஸ்வரன். கோமதியின் தம்பி முரளி மன்மதன். (தகப்பன் மகனை எரிப்பதில் அந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து அவர் அதற்குத் தயாராகத்தான் இருந்தாராம்.)

தலைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது கூத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. முரளி கைபேசியில் போன வருஷத்து வீடியோவைக் காட்டினான். மன்மதன் கையில் இருந்தது கரும்பை வளைத்துச் சணல் கட்டிய வில். அம்பு புறப்பட்டு, அவன் கால் பெருவிரலுக்குப் பக்கத்திலேயே விழுந்து உயிரை விட்டது.

"இதெல்லாம் ஒரு வில்லா? ஒரு பலகை இருந்தா போதும், நெசமான வில்லே செஞ்சிரலாம். எனக்குத் தெரியும்," என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முந்தின வாரம் கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் பார்த்த பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றுதான்.

முரளி நிமிர்ந்து உட்கார்ந்தான். "செஞ்சு தாங்க மச்சான். அம்பு முப்பதடி போயி அப்பா காலடியில விழுகணும். விழுகலன்னா அடுத்த வருசம் ரதி வேசம் நீங்கதான் கட்டணும். ரதி கட்டுற பையன் கொழும்புக்கு வேலைக்குப் போறான், நாங்க ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே "சரி" என்றேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் கோமதி மெல்லச் சொன்னாள்.

"ஒரு தடவ வேசம் கட்டுனா விடாம மூணு வருசம் கட்டணுங்க. அது சாமி காரியம். மீசையும் எடுக்கணும்."

என் மீசையை நான் தடவிப் பார்த்துக்கொண்டேன். பஜார் முழுவதும் எனக்குத் தெரிந்தவர்கள். நான் சேலை கட்டி மார்பில் அடித்துக்கொண்டு அழுவது யாராவது ஒருவன் கைபேசியில் ஏறினால் போதும், பிறகு கடையில் உட்கார்ந்து யாருக்கும் சேலை விற்க முடியாது.

வேலையைத் தொடங்கினேன். முதல் பலகை, துணி வந்த மரப்பெட்டியிலிருந்து கழற்றியது. இரண்டு நாள் சீவி, நாண் கட்டி, பாதி இழுத்ததும் படார் என்று முறிந்து ஒரு துண்டு என் தாடையில் அடித்தது. ஒரு வாரம் வாடிக்கையாளர்களிடம் பல்வலி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் "என்னத்துக்குப் பலகை?" என்று கேட்டார். "வில்லுக்கு" என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டா எடுத்துட்டுப் போங்க" என்றார். அனுபவஸ்தர். இரண்டும் முறிந்தன.

ஏன் முறிகிறது என்று வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் என் மடத்தனம் விளங்கியது. வில்லுக்கான பலகையில் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். நானோ புடவைக்கடைக்காரன் புத்தியோடு போய், ரேகை அலை அலையாக, சுழி சுழியாக, மயில் கழுத்து டிசைன் மாதிரி இருக்கிற பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தேன். கட்டுவதற்கு அழகான பலகைகள். வளைப்பதற்கு ஒன்றும் தேறாது.

கூத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. நேர் ரேகைப் பலகைக்கு ஊரெல்லாம் அலைந்தேன். கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன பேனாவை எடுக்கக் குனிந்து மேலே பார்த்தேன். பார்த்தபடியே கிடந்தேன்.

அது மாமனார் சீராகக் கொடுத்த கட்டில். மெத்தையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்கூட முதிரை மரம். கல்யாணத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் மெத்தையைத் தூக்கிக் காட்டி, "சட்டம் எல்லாம் முதிரை. நூறு வருசத்துக்கு ஆடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த சட்டத்தில் ரேகை கோடு போட்டது போல் ஓடியது. ஐந்தடி நீளம். நான்கு திருகாணிகள்தான்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த கோமதி கேட்டாள். "மெத்தை ஏங்க நடுவுல குழியா இருக்கு?"

"பழசாயிருச்சு போல."

"கல்யாணமாகி ஏழு மாசந்தான் ஆகுது."

நான் பதில் சொல்வதற்குள் கீழே குனிந்து பார்த்துவிட்டாள். மெத்தையை இழுத்துச் சரியாகப் போட்டாள். பிறகு, "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள். ஆனால் மறுநாள் நான் கடை மொட்டைமாடியில் சட்டத்தைச் சீவும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான்.

வில் செய்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. எய்கிறவனைப் பார்க்கும் பக்கத்தைத்தான் சீவலாம். எதிராளியைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, அதில் உளி படக்கூடாது; பட்டால் முறியும். சட்டத்தின் ஒரு பக்கத்தில் கணு இருந்தது. மறுபக்கம் சுத்தம், அதனால் அதையே முதுகாக வைத்தேன். ஒரே ஒரு சிக்கல். லொறியில் சாமான் மாறிவிடக்கூடாது என்று மாமனார் எல்லாச் சட்டங்களிலும் சிவப்புப் பெயின்டால் தன் கையாலேயே 'ராமையா' என்று எழுதியிருந்தார். அது அந்த முதுகில்தான் இருந்தது. அழிக்கச் சுரண்டினால் வில் முறியும்.

"பொன்தாள் ஒட்டுவோம். மன்மதன் வில்லு மினுங்கத்தானே வேணும்," என்றாள் கோமதி. அவளைக் கட்டிக்கொண்டது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான்.

சீவுவேன், நாண் கட்டுவேன், சுவரில் மாட்டிக் கயிற்றால் இழுப்பேன். இடது பக்கம் வளையும், வலது பக்கம் விறைத்து நிற்கும். வலதைச் சீவினால் அது குழைந்து இடது விறைக்கும். இரண்டும் ஒன்றுபோல் வளைந்த நாளில் மாடியில் நான் போட்ட சத்தத்தில் கீழே அப்பா தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். இனி ஒரு சுருள் சீவினாலும் முறிந்துவிடும் என்ற பயத்தில் அத்தோடு நிறுத்திவிட்டேன். வில் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிய எனக்கு அது தெரியவில்லை. கூத்தன்று காலையில் கோமதி பொன்தாளை ஒட்டினாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போக வேண்டும் என்பதால் இப்போதெல்லாம் அங்கே சாயங்காலமே காமனை எரித்துவிடுகிறார்கள். வெயில் தாழ்ந்ததும் தப்பு முழங்கியது. லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் திரண்டு நின்றார்கள். மாமனார் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடைமுடியில் அட்டைப் பிறை சூடி, மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். முரளி முப்பதடி தள்ளி நின்று வில்லில் அம்பைப் பூட்டினான். அம்பு முனையில் துணி உருண்டை சுற்றி, செவ்வந்திப் பூ கட்டியிருந்தது. இழுத்தான்.

வில் அசையவில்லை.

மறுபடி இழுத்தான். முகம் சிவந்தது. கிரீடம் சரிந்தது. "மன்மதன் காலையில சாப்பிடலயா?" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கூட்டம் சிரித்தது. முரளி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சேலையும் வளையலும் தெரிந்தன.

மூன்று வருஷம், மீசை, பஜார், எல்லாம் கண்முன்னால் ஓடியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டேன்.

"இங்க குடு. எனக்குத் தெரியும்," என்றேன். (வியாதி.)

கூத்து வாத்தியார் குறுக்கே வந்தார். "கிரீடம் இல்லாம இதத் தொடக்கூடாது தம்பி!" என்று முரளி தலையில் இருந்ததைப் பிடுங்கி என் தலையில் வைத்தார். சட்டை, காற்சட்டை, அதற்கு மேலே மன்மதன் கிரீடம். அம்பைப் பூட்டி இழுத்தேன். வில் வளைந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல், ஒரு முனகல்கூட இல்லாமல் வளைந்தது. முதுகில் ஒட்டிய பொன்தாள் மட்டும் அந்த வளைவைத் தாங்கமாட்டாமல் கிழிந்து சுருண்டு விழுந்தது. நான் இந்தப் பக்கம் நின்றதால் எனக்கு அது தெரியவில்லை.

விட்டேன். அம்பு முப்பதடியும் பறந்து போய் மாமனார் தலையில் இருந்த பிறையைத் தட்டித் தூக்கி மேடைக்குப் பின்னால் போட்டது. காலடியில் விழ வேண்டிய அம்பு தலையில் பட்டதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. தோட்டமே கூவியது. எனக்காக யாரும் அப்படிச் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மாமனார் கண்ணைத் திறந்தார். அவருக்கு நேரே, மருமகன் கையில், சிவப்பு எழுத்தில் 'ராமையா'.

முதலில் பெயரைப் படித்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து நின்று சூலத்தை ஓங்கித் தரையில் குத்தி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் அழுதுவிட்டன. உதடு துடித்தது, மீசை துடித்தது, திருநீறு உதிர்ந்தது. "இருபது வருசமா இப்பிடி ஒரு கோவத்த இவர்கிட்ட பார்த்ததில்ல!" என்று வாத்தியார் கண் கலங்கிக் கைகூப்பினார். சிலர் "ஈஸ்வரா!" என்று தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அது நடிப்பு இல்லை என்று தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்: அவர், நான், கோமதி. கோமதி ஏற்கெனவே பக்கத்தில் நின்றவர்களோடு சேர்ந்து என்னைத் தெரியாதது போல் நின்றுகொண்டிருந்தாள்.

நெருப்பு மூட்டினார்கள். மன்மதனின் வில்லையும் நட்டு வைத்த காமன் கம்பத்தோடு எரிப்பதுதான் அங்கே வழக்கம். இது என் ஞாபகத்திலேயே இல்லை. கரும்பு எரியும், போகட்டும். மூன்று வாரம் நான் சீவிய வில்! வாத்தியார் அதை வாங்க வந்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் மாமனார் மேடையிலிருந்து குதித்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"இது நெருப்புக்குப் போகாது. எம்மக கட்டில் சட்டம் இது!" என்றார் ஈஸ்வரன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வாத்தியார் கையை எடுத்துவிட்டார். பிறகு எழுந்த சிரிப்பில் தப்புக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மாமியார் ஒரு கரும்பைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டார். மாமனார் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், வளைத்துப் பார்த்தார்.

"நீங்களே செஞ்சீங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"முதிரைய இப்பிடி வளைக்கலாம்னு எனக்கே தெரியாது," என்றார். அடுத்த ஞாயிறு பூனாகலையிலிருந்து பஸ் ஏறி, தோளில் புதுச் சட்டத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதில் பெயர் எழுதியிருக்கவில்லை.

நான் பந்தயத்தில் ஜெயித்தேன். ரதி வேஷம் முரளிக்கே போயிற்று. ஏனென்றால் அன்று நெருப்பு அணைவதற்கு முன்னாலேயே வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: காமன் முன்னால் கிரீடம் வைத்தவன் மூன்று வருஷம் மன்மதன். மீசையும் போயிற்று. மூன்று மாசியும் நான் அதே வில்லால் அம்பு விட்டேன், மூன்று தடவையும் என்னை மாமனார் எரித்தார். அந்தப் பிறைக்குப் பிறகு ஒரு தடவைகூட அம்பு குறி தப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இப்போது தோட்டத்துக்கு யாராவது புதிதாக வந்து, மருமகன் எப்படி என்று கேட்டால், மாமனார் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார்:

"மூணு தடவ எரிச்சுப் பார்த்துட்டேன். தீவாளிக்கு மொத ஆளா வந்து நிக்கிறாரு."