சுவீடனில் நான் பூட்டிய கதவு

பயந்தாங்கொள்ளி விடுமுறைக்கு வீடு தேடினால் வீட்டைப் பார்க்க மாட்டான். பிள்ளை எங்கே விழும் என்றுதான் பார்ப்பான். நான் அந்தச் சாதி. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. கடைக்கு முன்னால் தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு மேலேயும் ஒருதரம் பார்ப்பேன் (பல்கனிகளில் பூச்சட்டி வைத்திருக்கிறார்கள்).

2012 கோடைக்கு சுவீடன் போவோம் என்று மனைவி சுமதி முடிவெடுத்தாள். மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது.

"வீட்டை மட்டும் நீங்கள் பாருங்கோ. பிள்ளையோடை இருக்கத் தோதான இடமாய் இருக்கவேணும்."

இந்த ஒரு வசனம் என் நித்திரையைக் கெடுத்தது. பொண்டியில் இருக்கும் எங்கள் வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திவிட்டேன். ஏரிக்கரை வீடு: வழுக்கி விழுவாள். மாடி வீடு: எட்டிப் பார்ப்பாள். தீவில் ஒரு சிவப்பு வீடு, அழகென்றால் அப்படி ஓர் அழகு: படகு கவிழும். நகரத்து ஹோட்டல்: லிப்டில் மாட்டிக்கொள்வாள்.

"சுவீடன்காரர் ஒருத்தரும் பிள்ளை பெத்து வளக்கேல்லையோ?" என்று சுமதி கேட்டாள்.

கடைசியில் அகப்பட்டது என் கனவு வீடு. ஒரே தளம். படி இல்லை, தண்ணீர் இல்லை, பக்கத்தில் ரோடும் இல்லை. காட்டோரமாகப் புல்வெளி, ஓர் ஊஞ்சல். 'குடும்பங்களுக்கு ஏற்றது' என்று பிரெஞ்சில் போட்டிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: மாலையில் தோட்டத்துக்கு 'எலான்' வரும். எலான் என்றால் எனக்குத் தெரியும். பிரெஞ்சு வகுப்பில் நான் வாய்க்குள் முணுமுணுத்தால், "கொஞ்சம் எலானோடு வாசியுங்கள்!" என்பார் டீச்சர். உற்சாகம், துடிப்பு. காட்டுக் காற்றில் மாலையில் உற்சாகம் வருமாம். வரட்டுமே! (நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாங்கள் என்று மெச்சிக்கொண்டேன்.)

வீட்டுக்காரர் எங்களை பஸ் தரிப்பிடத்திலிருந்து காரில் கொண்டுவந்து இறக்கினார். போகும்போது காட்டுப் பக்கம் கையைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அடுத்த நாள் பின்னேரம், நல்ல வெயில். சுமதி கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாழினி ஊஞ்சலில். நான் வாசலில், தேத்தண்ணியோடு. காட்டுக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. பிறகு ஒரு மரமே எழும்பி நடந்து வருவதுபோல் இருந்தது. குதிரையைவிட உயரம். தொங்குகிற மூக்கு. தலையில் இரண்டு பெரிய தாச்சிச் சட்டிகளை விரித்து வைத்த மாதிரிக் கொம்பு.

அதன்பிறகு நடந்ததற்கு மூளை பொறுப்பில்லை, கால்தான் பொறுப்பு. வீட்டுக்குள் பாய்ந்தேன். கதவை அடித்துச் சாத்தித் தாழ்ப்பாளை இறுக்கினேன். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, 'தப்பினோம்' என்று மூச்சு விட்டேன். அந்தப் பன்மையில் அடங்கிய மற்ற இரண்டு பேரும் வெளியில் நின்றார்கள்.

கதவில் படாரென்று அடி விழுந்தது.

"ஆரது?" என்றேன். (சத்தியமாகக் கேட்டேன்.)

"ஆரதோ? உங்கடை பெண்சாதி! திறவுங்கோ! பிள்ளை அங்கை நிக்குது!"

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை. தாழ்ப்பாளை இழுத்தேன், நான் இறுக்கிய இறுக்கில் அது அசையவில்லை. குசினி யன்னலுக்கு ஓடினேன். யாழினி ஊஞ்சலில் கல்லாகிப்போய் இருந்தாள். பக்கத்து அப்பிள் மரத்தில் அந்த மிருகம் இலை உருவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கால் எடுத்து வைத்தால் அவள்மேல்தான் வைக்கும். யன்னலால் பாய்ந்தேன். தலை போனது, நெஞ்சு போனது, வயிறு போகவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியபடி, "பிள்ளையை விடு! என்னைப் பிடி!" என்று அதனிடம் தமிழில் கத்தினேன்.

அது திரும்பிப் பார்த்தது. ஆறுதலாக நடந்து வந்தது. அதன் மூச்சு என் முகத்தில் சுட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பப்பா, அசையாதேங்கோ," என்று யாழினி கிசுகிசுத்தாள். (அசையக்கூடிய நிலைமையிலா இருந்தேன்?)

என் தலையை ஒருதரம் மோந்து பார்த்தது. தும்மியது. காட்டுக்குள் போய்விட்டது.

சுமதி ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னை இழுத்தெடுக்க அவ்வளவு அவசரம் காட்டவில்லை. யாழினிக்கு நடுக்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பப்பா, எலான்! வரும் எண்டு எழுதியிருந்ததுதானே!" பிரெஞ்சில் அந்தப் பெரிய காட்டு மானுக்கும் அதே பெயராம். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள்.

யன்னலால் நான் பாய்ந்ததை (வயிறு வரைக்கும் என்றாலும் பாய்ச்சல்தானே) வீட்டில் ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. கேள்வி மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் வேலை முடிந்து இரண்டு கையிலும் பையோடு வந்து மணி அடித்தால், உள்ளேயிருந்து இரண்டு குரல் வரும்: "ஆரது?"

"நான்தான்."

"நான்தான் எண்டால் ஆர்?"

யாழினி பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள். இதை மட்டும் விடவில்லை.

எதிர்வீட்டு மொரோக்கோ மனிசி வருடக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு, தமிழர் வணக்கம் சொல்வது இப்படித்தான் என்று நினைத்துவிட்டார். போன கிழமை படிக்கட்டில் என்னைக் கண்டதும், கையை நெஞ்சில் வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆரது, முசியூ!" என்றார்.

நானும் தலையைக் குனிந்து, "ஆரது, மதாம்," என்றேன்.