தொட்டியில் நான் ஒன்றும் செய்யாத விபரம்

மதுரங்குளி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகன் றிஸ்கானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமியும் உன் கப்பி மீன்கள் ஆறும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நத்தைகள் எண்ணிக்கைக்கு அடங்கவில்லை. அவையும் சுகமென்றே நினைக்கிறேன். கட்டாரில் நீயும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கண்ணாடித் தொட்டியை எங்கள் யன்னலடியில் வைத்துவிட்டு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அடியில தோட்டத்து மண், மேல மணல், நெறையச் செடி, கொஞ்சம் மீன், யன்னல் வெயில். அவ்வளவுதான் மாமா. மோட்டர் வாணாம், வடிகட்டி வாணாம், நீங்களும் ஒண்டும் செய்யாதீங்க." ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து உயிரோடு எடுத்துப் போவதாகவும் சொன்னாய். முந்தல் இறால் பண்ணையில் இருபத்தேழு வருடம் பதினான்கு குளங்களைப் பார்த்தவனிடம் ஒரு பெட்டித் தண்ணீரைக் கொடுத்து இப்படிச் சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் போன வருடம் நடந்தது உனக்கும் தெரியும். ஆறாம் குளத்துத் தண்ணீர் கலங்கிக் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல, பண்ணை முதலாளி நௌஃபர் ஹாஜியார் இறாலை அரைவளர்ச்சியில் பிடித்தார். பிறகு சோதித்தால் தண்ணீருக்கு ஒன்றுமில்லையாம். "உசனார் நானா, இனி ஊட்ல ஓய்வா இருங்க" என்று மிகுந்த மரியாதையோடு அனுப்பிவிட்டார். இந்தத் தொட்டியைத் தெளிவாக வைத்துக் காட்டினால் திரும்பக் கூப்பிடுவார் என்று நான் எண்ணியதில் பிழையில்லையே.

ஆகவே நான் ஒன்றும் செய்யவில்லை, தெளிவை மட்டும் அளந்தேன். குளத்தில் கறுப்பு வெள்ளை பூசிய தட்டொன்றைக் கம்பில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறதென்று பார்ப்போம்; அதேபோல் ஜாம் போத்தல் மூடியொன்றில் செய்து இறக்கினேன், ஒரு சாண் போகமுன் மறைந்துவிட்டது, மாமியைக் கூப்பிட்டால் "அந்தா தெரியுதே, நீங்க பெயின்ட் அடிக்காம உட்ட எடமும் தெரியுது" என்கிறாள், அவளுக்குக் குளத்து அனுபவம் கிடையாது, எனவே கிணற்றுத் தண்ணீரால் பாதியை மாற்றினேன், தெளியவில்லை, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டேன், தெளியவில்லை, இலைகள் சில கரைந்தன, காற்றுப் போதாதென்று மாமியின் முட்டை அடிக்கிற கருவியை விட்டுக் காலையில் கால் மணித்தியாலம் சுற்றினேன், அடிமண் எழும்பி மீன்கள் காணாமற்போயின, "இஞ்சருங்க, தண்ணி நல்லாத்தான் இரிக்கி, ஒங்கட கைதான் சும்மா இரிக்கிதில்ல" என்று அவள் கருவியைப் பறித்து அலுமாரியில் பூட்டினாள். மண் அடங்கிய ஒரு நாள் ஹாஜியாரே வந்து எட்டிப் பார்த்து, "நானா, கண்ணாடி மாதிரி இரிக்கே!" என்றார். பாவம், எப்போதும் மரியாதையான மனிதர்.

இதற்கிடையில் சிலாபம் ஆஸ்பத்திரியில் என் வலது கண்ணில் சின்ன வேலையொன்று இருந்தது; எழுதுமளவுக்குப் பெரிதல்ல. குனியாதீர்கள், தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்றார் டொக்டர். அங்கு படுத்திருந்து, பிறகு என் மகள் வீட்டில் தங்கி, பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இங்கு வந்தேன். வந்து பார்த்தால், மகனே, தொட்டி பளிங்காக இருந்தது! நான் போட்ட சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்திருக்கிறது. மூடியை இறக்கினேன், அடிவரை தெரிந்தது. கரைந்த இலைகள் இருந்த இடத்தில் புது இலை. பத்து மணி வெயிலில் இலை விளிம்புகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போவதை நண்பகல் ளுஹர் பாங்கு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு குளத்திலும் சக்கரம் சுற்றவிட்டுக் காற்றடித்தோமே, இந்தச் செடி அதைச் சத்தமில்லாமல் செய்கிறது! மீனின் கழிவைச் செடி தின்கிறது, அழுகிய இலையை நத்தை தின்கிறது. எனக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. வீட்டுச் சுவருக்கும் யாரோ புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். இல்லை என்கிறாள் மாமி. அது வேறு விஷயம்.

இந்த விபரத்தையெல்லாம் எழுதி, தண்ணீர் பார்ப்பதில் என் கண் இன்னும் பிசகவில்லை என்று ஹாஜியாருக்கு நேற்றே தபாலில் போட்டுவிட்டேன்.

உன் தொழிலில் அல்லாஹ் பரக்கத் தரவும், பெருநாளுக்கு நீ சுகமாக வந்து சேரவும் துஆ செய்கிறோம். உன் உம்மாவோடு பேசினால் என் ஸலாத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமா உசனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வலது கண்ணுக்கு மருந்து விட்டு, அதை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. திறந்தேன், தெளிந்தது. இரண்டு நிமிடத்துக்குள் தொட்டி ஐந்து தடவை கலங்கித் தெளிந்தது. சுவரும் அப்படியே. இடது கண்ணிலும் புரை இருக்கிறதாம், அடுத்த மாதம் நாள் தந்திருக்கிறார்கள். ஹாஜியாருக்கு என் கடிதம் இன்று கிடைத்திருக்கும். ஆறாம் குளத்தைப் பற்றி அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. உனக்கு யோசனை இருந்தால் எழுது. ஒன்றும் செய்யாதீங்க என்பதுதான் யோசனை என்றால் எழுத வேண்டாம்.